அணைக்காமல் விட்ட நான்கு நாட்கள்

நூறு பல்புகள் ஒரே இடத்தில் எரிந்தால் அங்கே நிழல் இருக்காது. கையை நீட்டினால் கைக்கு அடியிலும் வெளிச்சம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு கம்பெனி. அங்கே எனக்கு அப்படிப்பட்ட வெளிச்சத்துக்கு எதிரே உட்காருகிற வேலை. ஏழு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அந்த அலமாரிக்கு ஏஜிங் ரேக் என்று பெயர். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரிதான். நாலு தட்டு, தட்டுக்கு இருபத்தைந்து ஹோல்டர். செய்து முடித்த பல்புகளை மாட்டி நான்கு மணி நேரம் எரியவிட்டு, எது செத்தது, எது கண் சிமிட்டுகிறது என்று பார்த்து, தேறியதைப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். "சும்மா குந்திகினு வெளிச்சத்தப் பாக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்பேன். அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவார் மனிதர்.

எனக்கும் தூக்கம் வரும். ஆனால் கண் திறந்தபடியே வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே லாரிகள் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் தூரத்துக்குப் போய்விடும். நான் அலமாரிக்குள்ளே எங்கேயோ நடந்துகொண்டிருப்பேன். வெள்ளையான ஒரு தெரு, இருபுறமும் வீடுகள், ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, எல்லா வீட்டிலும் விளக்கு. எங்கேயாவது ஒரு பல்பு லேசாக நடுங்கினால் உடனே இந்தப் பக்கம் வந்துவிடுவேன். அது எப்படி என்று எனக்கே தெரியாது.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் சால்டர் மேஜை. நாலு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பல்புக்குள் போகிற சின்னப் பச்சை போர்டில் ஈயம் வைப்பார்கள். கடைசியில், என் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தவள் பூந்தமல்லிக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். நோன்பு நாட்களில் அவள் எச்சில் கூட விழுங்காமல் வேலை செய்வாள், பார்க்கிற எனக்குத் தொண்டை வறண்டு போகும். எல்லோரையும் கிண்டல் பண்ணுவாள். நான் ரேக்கைப் பார்த்தபடி கண் சொருகினால், "யக்கா, கனா முட்ஞ்சிதா? இன்டர்வல் உட்டாச்சா?" என்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. போர்டில் கெப்பாசிட்டர் என்று ஒன்று வரும். சுண்டுவிரல் நுனி அளவுக்கு, நின்றுகொண்டிருக்கிற சின்ன உருளை, அடியில் இரண்டு கம்பிக் கால். டிராயிங்படி அது நேராக நிற்க வேண்டும். இவள் காலைக் கொஞ்சம் நீளமாக விட்டு, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, அதன் தலையை பல்பின் மூடிப் பக்கமாகச் சாய்த்துவிடுவாள். ஏன் என்று கேட்டதற்கு, "பக்கத்துல கீற அந்த காயிலு செம்ம சூடுக்கா. இது அதும்மேல ஒட்டிகினு நிக்குது. பாவமாக்கீது. தள்ளி குந்துன்னு சொல்றேன், அவ்ளோதான்" என்றாள்.

சூப்பர்வைசருக்கு இந்தப் பாவமெல்லாம் புரியாது. டிராயிங்கில் இல்லாத எதுவும் அவருக்குத் தப்பு. சாய்ந்த கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். ஒட்டியது நான்தான். பத்து ஒட்டினேன், முப்பது ஒட்டினேன். அவளிடம் சொல்லியும் பார்த்தேன். "கையி கேக்க மாட்டேங்குதுக்கா" என்று சிரித்தாள். ஆயுத பூஜை நெருங்கும்போது சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, லீவு முடிந்ததும் அவளை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். அதற்கு ஓர் ஆதாரம் வேண்டுமாம். அவள் செய்த பல்புகளில் இருபத்தைந்தை ரேக்கின் மேல் தட்டில் மாட்டச் சொன்னார். சூடு எப்போதும் மேலே ஏறும், மேல் தட்டில் இருப்பவைதான் முதலில் சாகும். மற்ற மூன்று பேருடையதைக் கீழ்த் தட்டுகளில் மாட்டினேன். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினேன்.

அடுத்த நாள் பூஜை. எங்கள் கம்பெனியில் பூஜை என்றால் முதல் நாளே ஷெட்டைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூச்சரம். பொரி, பூசணிக்காய், லாரி டிரைவர்கள் உட்பட எல்லோருக்கும் சுண்டல். பூந்தமல்லிக்காரியும் வந்து வாழைமரம் கட்டக் கயிறு பிடித்துவிட்டு, சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரமே பஸ் பிடித்துப் போனாள். ரேக்கை எரியவிட்டுத்தான் கற்பூரம் காட்ட வேண்டும் என்று முதலாளி சொன்னார். நூறு பல்பும் எரிய, கண்ணாடிக் கதவில் நான் மூன்று இடத்தில் பொட்டு வைக்க, ஐயர் தட்டைச் சுற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எல்லோரும் கிளம்பினார்கள். ரேக்கின் சுவிட்சை இறக்கிவிட்டு வர வேண்டியது என் பொறுப்பு. சுவிட்சின் மேலும் குங்குமம் இருந்தது. கை வைத்தேன், இறக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் 'விளக்கை அணை' என்று சொல்லவே மாட்டோம், 'குளிர வை' என்போம். இப்போதுதான் கற்பூரம் காட்டிய விளக்கு. சூடம் கூட இன்னும் முழுசாக அடங்கவில்லை. நானாகக் கை வைத்து அதை அணைப்பதா? வாட்ச்மேன் எப்படியும் மெயினை இறக்குவார், அவர் கையால் ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். வாட்ச்மேனோ, எரிகிற ரேக்கைப் பார்த்துவிட்டு, பூஜைக்காக எரிய வேண்டியது போலிருக்கிறது என்று நினைத்து ஷட்டரை இழுத்துப் பூட்டியிருக்கிறார். இரண்டு பேருமே பக்தியில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

பூஜை, விஜயதசமி, சனி, ஞாயிறு. நான்கு நாள் லீவு.

விஜயதசமி அன்று ஆவடியில் எங்கள் வீட்டு வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, வாட்ச்மேன் இறக்கியிருப்பாரா என்ற சந்தேகம் வந்தது. வந்ததும் சொம்பு கையிலேயே நின்றுவிட்டது. ஃபோன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் நான் இறக்காமல் வந்தது தெரிந்துவிடும். இறக்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த நாட்கள் முழுக்க ஒரு பாதி நான் ஆவடியிலும் மறு பாதி அந்த ஷெட்டிலும் இருந்தேன். சாம்பார் கொதிக்கும்போது, கண்ணாடிக் கதவில் என் பொட்டு சூட்டில் காய்ந்து உதிர்வது தெரியும். பேரப்பிள்ளைகளை எண்ணுவது போல ஒவ்வொரு பல்பாக எண்ணுவேன். யாரும் இல்லாத ஷெட்டில், பூசணிக்காய் வாசனையில், யாருக்காகவும் இல்லாமல் அத்தனை வெளிச்சம். பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாகவும் இருந்தது.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் ஷட்டரைத் தூக்கினார். முழங்கால் உயரம் தூக்கும்போதே வெளிச்சம் வெளியே வந்து என் காலில் விழுந்தது.

உள்ளே அடுப்படி மாதிரி அனல். லீவு நாளில் எஸ்டேட் முழுக்கக் கம்பெனிகள் மூடியிருந்தால் வோல்டேஜ் ஏறிக்கொள்ளும், அதுவும் சேர்ந்திருக்கிறது. கீழே மூன்று தட்டிலும் பாதிக்கு மேல் செத்துவிட்டிருந்தன. மிச்சத்தில் சில நடுங்கிக்கொண்டிருந்தன, சில பழுப்பாகிவிட்டிருந்தன. மேல் தட்டைப் பார்த்தேன். எல்லாவற்றையும்விடச் சூடான தட்டு. இருபத்தைந்தில் ஒன்றுதான் போயிருந்தது. மற்ற இருபத்து நாலும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன.

கையில் பையோடு அப்படியே நின்றேன். அவள் கட்டைவிரல் அமுக்கியதுதான் இது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. படிக்காத மண்டைக்கே தெரிந்தது. அதற்கு அடுத்த நிமிஷம் பயம் வந்தது. நான்கு நாள் பூட்டிய ஷெட்டில் ரேக்கை எரியவிட்டிருக்கிறேன், தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுவிட்சை இறக்கினேன். இந்த முறை அதன் மேலிருந்த குங்குமத்தைப் பார்க்கவில்லை. செத்த பல்புகளை எல்லாம் துணியால் பிடித்துக் கழற்றி, குப்பைத் தொட்டியில் பழைய அட்டைகளுக்கு அடியில் தள்ளினேன். மேல் தட்டையும் காலி செய்தேன். எரிகிற ரேக்கோடு பூட்டிய வாட்ச்மேனும் தன் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. ஆட்கள் வரும்போது ரேக் சுத்தமாக இருந்தது.

சூப்பர்வைசர் காலியான மேல் தட்டைப் பார்த்து, அவளுடையது எல்லாம் செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். இனிமேல் வர வேண்டாம் என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல் என்ற பார்வை இல்லை, சும்மா பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிற பார்வை. நான் குனிந்து ஸ்டிக்கர் அட்டையைத் தேடுகிற மாதிரி நடித்தேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலையும், சால்டர் துடைக்கிற சின்னப் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போனாள். "வரேன்க்கா" என்றாள். நான் "ம்" என்றேன்.

அன்று முழுக்க ரேக் எனக்கு வெறும் வெளிச்சமாகத்தான் இருந்தது. உள்ளே எந்தத் தெருவும் இல்லை.

மறுநாள் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன். எங்கள் டிராயிங் எல்லாம் போடுவது அவர்தான். பாடியிலிருந்து பைக்கில் வருகிற, எப்போதும் சட்டைப் பையில் இங்க் கசிகிற மனிதர். சுவிட்சை இறக்காமல் போனது, நான்கு நாள், மேல் தட்டு, குப்பையில் மறைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஓடிப்போய்க் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார். செத்த பல்புகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கெப்பாசிட்டர் வீங்கி, தலை உப்பியிருந்தது.

முதலாளிதான் கத்தினார். "ஷெட்டு எரிஞ்சிருந்தா இன்னாம்மா பண்ணியிருப்ப?" என்று கேட்டார். ரேக்குக்குத் தானாக அணைகிற டைமர் வைத்துவிட்டார்கள். இனி நான் எதையும் அணைக்க வேண்டாம் என்பதில் எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

இன்ஜினியர் சோதனையை மறுபடி செய்தார். இந்த முறை வேண்டுமென்றே, ஆள் காவலோடு. தானே பத்து கெப்பாசிட்டரை வளைத்தார். அசிங்கமாக வளைத்தார், பார்க்கச் சகிக்கவில்லை. பத்தையும் நேராக நிற்கிற பத்தோடு கலந்து மாட்டி, சூட்டை அளந்து எழுதிக்கொண்டே வந்தார். முடிவு அதேதான். அந்த நாட்களில் ஒரு மதியம், டீக்கு அவரும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று ரேக்கைப் பார்த்தார். முதல் பல்பு பற்றிப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருத்தர் கண்டுபிடித்ததாகத்தானே படித்தோம் என்றேன்.

"ஒரு ஆளு இல்லக்கா, ஒரு கும்பலே இருந்திச்சு" என்றார். கண்ணாடியை ஊதி உருண்டையாக்கினவர் ஒருத்தர். உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கப் பாடுபட்டவர்கள் சிலர். கணக்குப் போட்டவர் ஒருத்தர். கரியான நூலை உடையாமல் மாட்டுகிற நல்ல கை ஒருத்தருக்கு. பிறகு அந்த நூலை நாள்பட எரிகிற மாதிரி செய்ய, வேறு கம்பெனியில் டிராயிங் போடுகிற ஒரு கறுப்பினத்தவர். "அப்பால, எரியற பல்ப எத்தினி மணி நேரம் எரியுதுன்னு குந்திகினு பாத்தவங்க."

கடைசியில் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எந்த ஊரோ, எந்தக் காலமோ, ஒரு நாற்காலியில் ஒருத்தர், எதிரே ஒரே ஒரு பல்பு. கண் சொருகாமல் இருந்திருப்பாரா? அவருக்கும் அந்த வெள்ளைத் தெரு தெரிந்திருக்குமா? டீ ஆறும் வரை அவரோடு இருந்தேன்.

புது டிராயிங் வந்தது. கெப்பாசிட்டர் சாய்ந்திருந்தது, அவள் சாய்க்கிற அதே பக்கம். கீழே வலது மூலையில் மூன்று கட்டம்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல். மூன்றிலும் மூன்று ஆண்கள் பெயர். சரிபார்த்தவர் யார் தெரியுமா? சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன அதே சூப்பர்வைசர்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இன்னா தம்பி இது? அவ பேரு எங்க?"

"கட்டம் மூணுதான்க்கா கீது."

"ஸ்கேலு கீதுல்ல? இன்னொண்ணு போடு."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உண்மையிலேயே நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்த்தார். 'யோசனை' என்று தலைப்பு எழுதினார். அதில் என் பெயரையும் போடுகிறேன், அணைக்காமல் விட்டதும் ஒரு வேலைதான் என்றார். வேண்டாம் என்றேன். கட்டாயப்படுத்தினார். வேண்டவே வேண்டாம் என்றேன், குரல் உயர்ந்துவிட்டது. அவள் இனிஷியல் என்ன என்று கேட்டார். நாலு வருஷம் முழங்கை இடிக்க உட்கார்ந்தவளுடைய இனிஷியல் எனக்குத் தெரியவில்லை. முதலாளியும், அவளைத் திரும்ப வரச் சொல்லு என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை புது பல்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன்.

அவள் அண்ணன் மிக்சி, அயர்ன்பாக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையின் பின்பக்கம் அவள் உட்கார்ந்து சால்டர் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "யக்கா! இன்னா இந்தாண்ட வந்துகீற? ஊட்டுக்கு வந்திருக்கலாம்ல, பிரியாணி ஆக்கியிருப்பேன்ல!" ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தெருவிலிருந்து டீ வரவழைத்தாள்.

பல்பைக் கொடுத்தேன். மூடியை நெம்பித் திறந்து உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சாச்சிகீறாங்க" என்றாள், நம்பாமல். நடந்ததைச் சொன்னேன். பூஜை, சுவிட்சு, நான்கு நாள், மேல் தட்டு, இருபத்து நாலு. கட்டத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். "என் பேரா? டிராயிங்லயா? மெய்யாலுமா?" என்று மூன்று தடவை கேட்டாள். கடை பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பெயரை இனிஷியலோடு பெரிய எழுத்தில் எழுதி, நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். அண்ணனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டே முன்பக்கம் போய்விட்டார். அவள் பல்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டுவது மெதுவாக நின்றது.

"யக்கா, திங்கக்கெயம எத்தினி மணிக்கு போன நீ?"

"எட்டேகாலு."

"அப்பவே பாத்துட்டியா? என்னுதெல்லாம் எரிஞ்சத?"

"பாத்துட்டேன்."

"என்னிய கூப்ட்டது ஒம்போதரைக்கு."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். வாட்ச்மேன் மேல் பழி போட ஒரு வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது. சொல்லவில்லை. "ஆமா" என்றேன். "பயந்துட்டேன்மா. எனக்கு வேலை பூடும்னு பயந்துட்டேன்."

அவள் அழவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒன்னேகா மணி நேரம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு பல்பின் மூடியை மறுபடி பொருத்தி, அழுத்தி, என் பையிலேயே வைத்தாள்.

"வேலைக்கு வரேன்க்கா. அது என் வேலை. சார்கிட்ட சொல்டு." சால்டர் கம்பியைக் கையில் எடுத்தாள். "ஆனா உன்னாண்ட பயையபடி பேசுவேனான்னு கேக்காத."

கேட்கவில்லை. இப்போது அவள் வேலைக்கு வருகிறாள். மேஜையின் அந்தக் கோடியில் இடம் மாற்றி வாங்கிக்கொண்டாள். புதிதாக வந்த பெண்களுக்கு எப்படிச் சாய்ப்பது என்று அவள்தான் காட்டுகிறாள், அவர்களையும் விடாமல் கிண்டல் பண்ணுகிறாள். மதியத்தில் எனக்குக் கண் சொருகும், எழுப்ப ஆள் இல்லை. நானாக விழித்துக்கொண்டு அந்தக் கோடியைப் பார்ப்பேன். அவள் தலை நிமிராமல் ஈயம் வைத்துக்கொண்டிருப்பாள். எனக்கு வலிக்கிறது.